வயர்லெஸ்ஸில் வந்த விடைகள்

பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். இலவச இணையவழிப் பாடம் என்று அறிவித்தால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம் வரும். முதல் வாரம் திரையில் ஆயிரக்கணக்கில் பெயர் ஓடும். மேலே இருப்பவர்கள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டுவார்கள். நான்காவது வாரம் யார் மிச்சம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதைக் கேட்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தவள். பணியின் கடைசி ஆண்டுகளில் திருவொற்றியூரில் இந்த உதவி மையத்தைப் பார்த்துக்கொண்டேன். மையம் என்பது பெரிய பேச்சு. மாடியில் ஒரு அறை, சில கணினிகள், மேகம் கறுத்தாலே படுத்துவிடும் இணையம். பாடம் நடத்தும் பேராசிரியர் எங்கோ ஒரு ஊரில் இருப்பார். நன்றாகவே நடத்துவார். ஆனால் இத்தனை பேருக்கு ஒரே ஆள் என்றால் எண்ணூரில் உட்கார்ந்து கேட்பவனின் முகம் அவருக்கு எப்படித் தெரியும்? அவனுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே மனித முகம் நம்முடையது. அதனால் நாம் அவசரத்தில் எடுக்கும் முடிவுகள் ஒருவனுடைய பிழைப்பில் போய் விழும். எனக்கு அது நன்றாகப் புரிந்தது தேசப்பன் விஷயத்தில்தான்.

தேசப்பன் காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். வலை இழுக்கும் விஞ்சில் கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஸ்பேனர் பிடிக்கலாம், ஈரக் கயிறு பிடிக்க முடியாது. கடலுக்குப் போக முடியாத மீனவர் கரையில் என்ன செய்வார்? மனைவி மீன்கூடை சுமந்துதான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. விம்கோ நகரில் டீசல் இன்ஜின் பட்டறை வைத்திருந்த ஒருவர், "அந்த டீசல் இன்ஜின் பாடத்தை முடிச்சு சர்டிபிகேட் கொண்டா, ஒரு இடம் காலியா இருக்கு, தர்றேன்" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் என் மாடிப்படி ஏறி வந்தார்.

தனியாக வரவில்லை. கூடவே பழைய படகுக் கூட்டாளிகள் ஐந்து பேர். அவர்களில் படகு ஓட்டும் ஸ்ராங்கு காசி மட்டும் கொஞ்சம் பேசுவார். மற்றவர்கள் சுவரோடு சுவராக நின்றார்கள்.

"இவங்களுக்கும் வேலை மாறணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். நான் படிக்கப் போறேன்னேன், அவங்களும் வந்துகிறாங்க. ஒர்த்தனா எப்டி மேடம் படிக்கிறது?" என்றார் தேசப்பன்.

எனக்குச் சந்தோஷம்தான். தனியாகச் சேர்பவர் மூன்றாவது வாரத்தில் காணாமல் போவார், கூட்டமாகச் சேர்பவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். ஆறு பேருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தேன். வாராவாரம் வரும் பயிற்சிக் கேள்விகளுக்கு அவரவர் தனித்தனியாகப் பதில் போட வேண்டும், அதில் போதுமான மதிப்பெண் இருந்தால்தான் கடைசித் தேர்வுக்கு உட்கார விடுவார்கள் என்று இரண்டு முறை சொன்னேன். ஆறு தலையும் ஆடியது.

பாடத்தின் தமிழ்க் குரல் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அதில் வரும் 'எரிபொருள் உட்செலுத்தி' அவர்கள் வாயில் நாசில். "இவரு இன்னா மேடம், நாசிலுக்குப் போயி சாமி பேரு மாதிரி வெச்சிகிறாரு?" என்று காசி ஒருநாள் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. படகு கிளம்புவதற்கு முன் வீடியோக்களைப் போனில் இறக்கிக்கொண்டு போவார்கள், கடலில் பார்ப்பார்கள். ஆறு பேரின் மதிப்பெண்ணும் வாராவாரம் ஏறிக்கொண்டு வந்தது. நான் தலைமை அலுவலகத்தில் பெருமையடித்துக்கொள்ளாத குறை.

மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிய நேரம், கடைசித் தேர்வுக்குச் சில நாள்தான் இருந்தது. ஒரு காலை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆறு கணக்கும் முடக்கப்பட்டிருந்தன. ஒரே போனிலிருந்து, அடுத்தடுத்த நிமிடங்களில், ஒரே மாதிரியான விடைகள். சரியான விடைகள் ஒன்றாக இருந்தால்கூடச் சமாளிக்கலாம். தப்பான விடைகளும் ஆறு பேருக்கும் அதே தப்பு. இதை மனிதர் யாரும் கண்டுபிடிக்கவில்லை, இயந்திரமே கண்டுபிடித்திருந்தது. மறுநாளுக்குள் மையத்தின் பொறுப்பாளர் விளக்கம் எழுதித் தர வேண்டும். பொறுப்பாளர் நான்தான்.

ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் விசாரித்தால், பழுதுக்காகக் கட்டியிருந்த ஒரு படகைக் காட்டினார்கள். பக்கத்து ராயபுரத்தில் பிறந்தவள் என்றாலும் அந்த வயதில் படகுக்குப் படகு தாண்டுவது சுலபமில்லை. நாலு பேர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். கேபினில் தேசப்பன் உட்கார்ந்திருந்தார். சுக்கானில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். இடது கையில் படகின் வயர்லெஸ் மைக். முந்தின நாளே படமெடுத்து வைத்த அந்த வாரக் கேள்விகளை வாசித்துக்கொண்டிருந்தார். கணக்கு முடங்கியது அவருக்கு இன்னும் தெரியாது.

"அஞ்சாவது கேள்வி. இன்ஜினு கர்ர்னு கறுப்பா பொகை தள்ளுது. காத்து ஃபில்டர் அடைச்சிகினு கீதா, டீசல்ல தண்ணி பூந்துகிதா? சொல்லு காசி."

கொரகொரவென்று சத்தம். பிறகு காசியின் குரல், கடலிலிருந்து. "தண்ணி பூந்தா வெள்ளப் பொகைடா. ஃபில்டர் போடு." பின்னால் யாரோ வேண்டாம் என்றார்கள், காசி அவரை அதட்டினார். அதற்குள் வேறொரு படகிலிருந்து முன்பின் தெரியாத ஒரு குரல் நடுவில் நுழைந்தது. "மாமு, நான் வேற போட்டு. நாங்களும் கேட்டுகினுதான் கீறோம். ஃபில்டருதான், போடு."

அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலைமை அலுவலகத்தில் மாணவர்கள் கலந்து பேசுவதற்கென்று தனிப் பக்கம் திறந்து, அதில் ஒருவரும் பேசுவதில்லை என்று மாதாமாதம் கூட்டம் போட்டுக் கவலைப்படுவார்கள். இங்கே வங்கக் கடலே கலந்து பேசிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க தேசப்பன்?"

"பரீட்சை எழுதிகினு கீறோம் மேடம்," என்றார், பெருமையாக.

கணக்கு முடங்கிய செய்தியைச் சொன்னேன். அவருக்குப் புரியவே இல்லை. ஆறு பேரும் பேசி ஒரு பதில் எடுப்பார்கள், கரையில் இருப்பவர் ஆறு பேர் பெயரிலும் அதைப் போட்டுவிடுவார். இதில் என்ன தப்பு? கடலுக்குப் போனவனுடைய ரேஷனைக் கரையில் இருப்பவன் வாங்குவான். அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இவன் போய்க் கையெழுத்துப் போடுவான். யாரும் யாரையும் கேட்பதில்லை. அதேபோலத்தான் அவர் பயிற்சிக் கேள்விகளையும் பார்த்துக்கொண்டார்.

"தனித்தனியா எழுதணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?" கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "உனக்குக் காது இருக்கா இல்லையா? உன் வேலை போச்சுய்யா!"

"ஆளுக்கொரு பதில் வெச்சிகினா படகு எப்டி மேடம் கரை வந்து சேரும்?"

இதை எதிர்த்துப் பேசுவதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். பிறகு மைக்கை மாட்டிவிட்டு, அந்த மூன்று விரல் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்ப பட்டறைக்காரர் கைல இன்னான்னு சொல்றது?" என்று கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

மையத்துக்குத் திரும்பியதும் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். இந்த வேலையின் நெளிவுசுளிவுகளை எனக்குக் கற்றுத்தந்தவர் அவர், நான் மிகவும் மதித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்கு வீடு போன் கிடையாது, இரவல் போன், ஒரே இணைப்புன்னு எழுதிடுங்கம்மா. நம்புவாங்க. இந்த மாதிரி எழுதித்தான் எல்லா மையமும் ஓடுது. உண்மையை எழுதினா ஆறு பேரும் போவாங்க, உங்க மையத்துக்கும் கெட்ட பேரு." அவர் கெட்டவரில்லை. எங்களைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

நான் அன்று மாலை வரை கணினித் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதுவதற்கு இரண்டு வரி போதும். எனக்குத் தடையாக இருந்தது நேர்மை என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. நான் பொய் எழுதினால், அவர்கள் செய்தது திருட்டு என்று நானே முத்திரை குத்திவிடுகிறேன். கடலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு புகையின் நிறத்துக்காகச் சண்டை போட்டவர்கள் திருடர்கள் இல்லை. அதே சமயம் விதியும் முட்டாள்தனமானதில்லை. பட்டறையில் கழற்றிப் போட்ட இன்ஜினுக்கு முன்னால் தேசப்பன் ஒருவர்தான் நிற்கப்போகிறார். அங்கே வயர்லெஸ் கிடையாது. அவருக்குத் தனியாகத் தெரியுமா என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பயிற்சி மதிப்பெண்கள் முழுவதையும் ரத்து செய்துவிடுங்கள், புதுக் கேள்விகள் அனுப்புங்கள், என் மையத்தில் என் கண் முன்னால் தனித்தனியாக உட்கார வைக்கிறேன் என்று கேட்டேன். இளைஞர்களே, இதைக் கவனியுங்கள். உண்மையைச் சொல்வதோடு நம் வேலை முடிவதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அதற்கு அடுத்து என்ன செய்யலாம் என்றும் நாமேதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகத்தின் கையில் இருப்பது தண்டனை மட்டும்தான்.

மறுநாள் காணொளியில் விசாரணை. தேசப்பனை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தப் பக்கம் இரண்டு அதிகாரிகள். அதில் ஒருவர் கனிவாகத்தான் பேசினார். "எல்லா விடையும் உங்கள் போனிலிருந்து வந்திருக்கிறது. மற்ற ஐந்து பேரும் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் விடையைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதிக் கொடுத்தால், உங்கள் கணக்கை மட்டும் இன்றே திறந்துவிடலாம்."

அது பொய். ஆனால் அவர் வேலைக்கான கதவை அந்தப் பொய் இப்போதே திறந்துவிடும். அவர் பக்கம் திரும்பாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் நான் தலையசைத்தால்கூட அது அவருடைய முடிவாக இருக்காது.

தேசப்பன் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "சார், ஒயர்லெஸ்ல கேட்டுட்டுதான் சார் போட்டேன். அவங்களுக்குத் தெரியாம ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியாமலும் ஒண்ணும் இல்ல. அவங்க பேர்ல போட்டவன் நான்தான். வெட்டணும்னா என்னிய வெட்டுங்க" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். என் கோபம் அன்று நல்ல வேலை செய்தது. ஒருவரையும் வெட்ட வேண்டாம், நான் எழுதியதைப் படித்தீர்களா இல்லையா, பொதுமக்களுக்கான பாடம் என்று விளம்பரம் செய்துவிட்டு அந்த மக்கள் வாழ்கிற விதம் தெரியாமல் வைத்த விதியை ஒரு முறையாவது அவர்களுக்குப் புரியவைத்துப் பாருங்கள் என்று குரலை உயர்த்தினேன். கடைசியில் இறங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபயிற்சி. அன்று வந்து உட்காருகிறவர்களுக்கு வாய்ப்பு, வராதவர்களின் பதிவு இந்தப் பருவத்துக்கு ரத்து.

வெளியே வந்ததும் தேசப்பன் தலையைப் பிடித்துக்கொண்டார். படகு கடலில் இருந்தது. தடைக்காலத்துக்கு முன்னால் கடைசிப் பயணம், வருஷத்தில் அவர்கள் விடவே விடாத பயணம். "என் வேலைக்கோசரம் வலைய அறுத்துகினு வாங்கடான்னு சொல்ல முடியுமா மேடம்? நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். ஆனா நடந்தது என்னன்னு அவங்களுக்குத் தெரியணும். அது அவங்க பாடமும்தானே? வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்."

மறுபடியும் அதே கேபின். அவர் வயர்லெஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னார், வாங்க என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு காசி பேசினார்: "வலை இட்டாச்சு. மூணு பேரு இல்லாம வலைய எடுக்க முடியாது. நானும் இன்னொர்த்தனும் கரைக்குத் திரும்பற வேற போட்டுல ஏறிகினு வர்றோம். ஸ்டீரிங்க மத்தவன் பாத்துப்பான். நாங்க பரீட்சைய பாக்கறோம், அவங்க வலைய பாக்கட்டும்." அங்கேயும் வேலையைப் பங்கு பிரித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கடலில் நின்ற மூவரும் அந்தப் பருவத்தை இழந்தார்கள். அதற்காக ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். காசியின் சட்டையில் உப்பு காயவில்லை. அறையின் மூன்று மூலையில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தேன். காசி தடதடவென்று அழுத்திக்கொண்டு போனார். தேசப்பன் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டார். திரையைப் பார்க்கிறார், வாய் அசைகிறது, கை அசையவில்லை. அவருக்குப் பதில் தெரியும், என் காது படச் சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னதும் "ஆமாடா" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அது வரவில்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று எனக்குத் துடித்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களும் இப்படி உட்கார வேண்டி வரும். உதவுவதைவிட அது கஷ்டம். வெகுநேரம் கழித்து அவர் விரல் அசைந்தது.

மறுபயிற்சியில் மூவரும் தேறினார்கள். கடைசித் தேர்வு நகரத்தின் தென்கோடியில். மூன்று பேருந்து மாறிப் போய் எழுதிவிட்டு வந்தார்கள். முடிவு வந்தது. காசியும் கூடப் போனவரும் பாஸ். தேசப்பன் பெயில். நேரம் போதாமல் பல கேள்விகளைத் தொடவே இல்லை. பட்டறைக்காரர் அதற்குமேல் காத்திருக்கவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தூக்கமே வரவில்லை. யாருக்காக இத்தனையும் நடந்ததோ அவருக்கே கிடைக்காமல் போய்விட்டது. அந்த விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்திருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது, மறைக்கவில்லை. காலையில் நானே அவர் வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். மனைவி கூடையைத் தலையில் ஏற்றப் போனவர் அப்படியே இறக்கி வைத்துவிட்டு நின்றார். தேசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மறுபடி சேந்தா துட்டு கேப்பாங்களா மேடம்?"

"கேட்க மாட்டாங்க."

"பெயிலானவன்னு வாசல்ல நிக்க வெப்பாங்களா?"

"வாசலே கிடையாதுப்பா."

"அப்ப இன்னா பேஜாரு? இன்னிக்கே பேரு போடுங்க. பத்தாவதுல பெயிலானப்போ எங்க நைனா, மறுபடி கட்டத் துட்டு இல்லடான்னு போட்டுல ஏத்தி வுட்டாரு. இது சும்மா தானே?"

இத்தனை வருஷம் நான் இலவசம் இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். சேருவது இலவசம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்பதும் இலவசம் என்பதை அந்தக் குறுகலான சந்தில் நின்றுதான் புரிந்துகொண்டேன். பணம் உள்ளவன் எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம். இல்லாதவனுக்கு ஒரு தோல்வியோடு படிப்பு முடிந்துவிடும். நம் பாடங்களில் ஆயிரம் ஓட்டை இருக்கிறது, அவற்றை அடைக்க நீங்கள் சண்டை போடுங்கள். ஆனால் இந்த ஒரு கதவை யாரும் சாத்த விடாதீர்கள். பெயிலானவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், வீடு தேடிப் போயாவது கூப்பிடுங்கள்.

அடுத்த பருவத்தில் ஒரு மாற்றத்துக்காக மல்லுக்கட்டி ஜெயித்தேன். கேள்விகளை எத்தனை பேரோடு வேண்டுமானாலும் பேசலாம், பதிலை மட்டும் தனியாகப் போட வேண்டும் என்று விதியைத் தெளிவாக எழுத வைத்தேன். வயர்லெஸ் ஓயவில்லை. அதில் சண்டை முடிந்ததும் தேசப்பன் அதை அணைத்துவிட்டு மாடியறைக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து தன் பதிலைப் போட்டுவிட்டுப் போவார். சில சமயம் காசி சொன்னதற்கு எதிராகப் போடுவார். அன்றைக்கெல்லாம் படியிறங்கும்போது நடையே வேறாக இருக்கும். இந்த முறை பாஸ் செய்தார். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்காரரிடம் போய் நின்றார். ஒரு மாதம் பார்க்கிறேன் என்று சேர்த்துக்கொண்டார்.

முதல் வாரமே எனக்குப் போன் வந்தது. பின்னால் சுத்தியல் சத்தம்.

"மேடம், நம்ப போட்டு இன்ஜின இங்க இறக்கிகிறாங்க. காசி, பசங்க எல்லாரும் சுத்தி நிக்கறானுங்க. மொதலாளி வந்து, இன்னாப்பா கோளாறுன்னு கேட்டாரு. நான் அவனுங்க மூஞ்சிய பாத்தேன். ஒர்த்தனும் வாயே தொறக்கல மேடம். என்னியவே பாத்துகினு நிக்கறானுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீசல் பம்புன்னு சொன்னேன். கழட்டிகினு கீறேன், ரைட்டா ராங்கான்னு அப்பால தெரியும். வெச்சிடறேன் மேடம், கை பூரா எண்ணெ."